அட்டைப் பெட்டியோடு ஷோரூமுக்குப் போங்கள்: சின்ன எலெக்ட்ரிக் எஸ்யூவியின் கதவைச் சோதிக்கும் முறை

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் பழைய அடுக்குமாடி சொசைட்டியில் இருப்பவர்கள் எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கப் போனால் ரேஞ்ச், சார்ஜர், பேட்டரி வாரண்டி எல்லாம் விசாரித்துவிடுகிறார்கள். கதவை மட்டும் ஒரு தடவை திறந்து மூடுவதோடு சரி. ஷோரூமில் வண்டியைச் சுற்றி நாலு பேர் நடக்கலாம். உங்கள் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் பக்கத்து ஃப்ளாட்காரர் வண்டி.

முதலில் மீட்டர் டேப்போடு கீழே இறங்குங்கள். தரையில் போட்ட கோட்டுக்குக் கோடு அளக்காதீர்கள். கதவு உயரத்தில், தூணிலிருந்து பக்கத்து வண்டி வரை அளக்க வேண்டும். 2.5 மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாடா பஞ்ச் இவி 1,742 மி.மீ. அகலம்; நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 38 செ.மீ. மிஞ்சும். மஹிந்திரா பி.இ. 6-இன் அகலம் 1,907. பக்கத்துக்கு 30 செ.மீ. கூடத் தேறாது. வாங்கியபின் தினமும் டிரைவர் பக்கத்துக்கு இடம் விட்டு, மறுபக்கத்தை ஒட்டித்தான் நிறுத்த வேண்டிவரும். பாட்டியையும் குழந்தையையும் வெளியிலேயே இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும்.

அடுத்தது கதவின் நீளம். 1 மீட்டர் நீளக் கதவை 30 டிகிரி திறந்தால் அதன் விளிம்பு 50 செ.மீ. வெளியே வரும். 1.2 மீட்டர் கதவு அதே கோணத்தில் 60 செ.மீ. வரும். இரண்டே கதவுள்ள வண்டியில் கதவு நீளமாகத்தான் இருக்கும். எம்ஜி காமெட்டின் அகலம் 1,505 மி.மீ. என்பதால் அது தாங்கிவிடுகிறது. 1,800 மி.மீ. வண்டியில் அதே அமைப்பு வந்தால் தூண் ஓரத்தில் திண்டாட்டம்தான்.

இப்போது ஷோரூம். ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய், வீட்டில் அளந்த இடைவெளியில் வண்டி ஓரமாக வையுங்கள். பெட்டியில் தொடும்வரை மட்டும் கதவைத் திறந்து, வீட்டில் வயதானவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கையை எடுத்தால் கதவு அங்கேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். கார்க் கதவு திறக்கும்போது இரண்டு மூன்று இடத்தில் 'டக்' என்று பிடித்து நிற்கும். அந்த முதல் பிடிப்பு உங்கள் இடைவெளியைத் தாண்டி இருந்தால், கதவு திரும்பி வந்து காலில் இடிக்கும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழந்தையைத் தூக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது.

முன் கதவும் பின் கதவும் எதிரெதிராகத் திறக்கும் அமைப்பு பார்க்க அழகு. இந்தியாவில் விற்காத மாஸ்டா எம்எக்ஸ்-30 அப்படிப்பட்டது. முன் கதவைத் திறந்தால்தான் பின் கதவு திறக்கும். மூடும்போது பின் கதவு முதலில். குறுகிய இடத்தில் இரண்டும் திறந்தால் நடுவில் நிற்பவர் வெளியே வர வழியில்லை. மேல்நோக்கித் திறக்கும் கதவு, ஒரு வண்டிக்கு மேல் இன்னொன்றை நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங்கில் மேல் தட்டைத் தொடும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பின் கைப்பிடியை ஜன்னல் ஓரத் தூணில் ஒளித்து வைப்பதைப் பஞ்ச் இவியிலேயே பார்க்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். சின்னப் பிள்ளைக்கு எட்டாது. ஸ்கூல் வாசலில் யாராவது திறந்துவிட வேண்டும்.

வெளியே நீட்டாமல் வண்டியின் உடம்போடு ஒட்டிய கைப்பிடிதான் நிஜமாகக் கவனிக்க வேண்டியது. பெரிய பேட்டரி நிறைய சார்ஜோடு இருந்தாலும் பூட்டை இயக்குவது தனியான 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் மின்சாரத்தில் இயங்கும் கைப்பிடி வேலை செய்யாது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் 2021 டெஸ்லா மாடல் ஒய் கார்களை விசாரிக்கத் தொடங்கியது இதற்காகத்தான். உள்ளே இருந்த குழந்தையை எடுக்கக் கண்ணாடியை உடைத்த பெற்றோர்கள் உண்டு. சீனாவில் 2027 ஜனவரி 1 முதல் புது மாடல்களில் கைப்பிடிக்கு மெக்கானிக்கல் வழியும் கட்டாயம்.

டெலிவரி எடுக்கும் அன்றே மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ரிமோட் சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவி, டிரைவர் கதவின் மறைவான துவாரத்தில் போட்டுத் திறப்பது. உள்ளிருந்து ஒவ்வொரு கதவையும் மின்சாரம் இல்லாமல் திறக்கும் நெம்பு எங்கே என்பது. சைல்டு லாக் போட்டிருக்கும்போது பின்சீட்டில் இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்பது. விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரு தடவை கையால் செய்து பார்க்கட்டும்.

மழைக்காலத்தில் மிலன் சப்வே, அந்தேரி சப்வே பக்கம் தண்ணீர் நின்றால் வண்டியை உள்ளே இறக்காதீர்கள். கதவின் அடிக்கு மேல் 40 செ.மீ. தண்ணீர் நின்று, உள்ளே இன்னும் வராமல் இருந்தால், 1 மீட்டர் கதவை வெளியிலிருந்து அழுத்துவது கிட்டத்தட்ட 80 கிலோ பாரம். எந்த டிசைன் கதவானாலும் திறப்பது கஷ்டம். அதற்கு முன்பே ஜன்னலை இறக்கிவிடுங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியலை டிக்கியில் அல்ல, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விழும், வழி விடாது.

மழை முடியும்வரை வாரம் ஒருமுறை கைப்பிடிக் குழியில் தேங்கும் சேற்றைச் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் பைப்பைக் கிட்டே பிடிக்க வேண்டாம். ரப்பர் பீடிங்கில் துணியால் சிலிகான் ஸ்ப்ரே தடவலாம், எண்ணெய் கூடாது. ரப்பர் ஊறி உப்பிவிடும். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் கீழ் விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றன. கம்பி விட்டால் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும். பிளாஸ்டிக் கேபிள் டையின் நுனியை விட்டு மெதுவாக ஆட்டினால் மண் கரைந்து தண்ணீர் கொட்டும்.