கம்பம் திராட்சைத் தோட்டங்களுக்குச் சைக்கிளில்: கியர் சிக்கல் தீர்ந்த விதம்

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்கள்வரை கும்பகோணத்துச் சமவெளியில் ஓட்டும் சைக்கிளே போதும். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏற்றத்தில்தான் முழங்கால் வலித்தது. முன்னே சிறிய பல்வட்டு 28 பல், பின்னே பெரியது 28. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு முழுச் சுற்று. மூட்டையோடு அது ஆகாது.

ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரப் பல்வட்டுத் தொகுதியை, 14-34 ஆக (சிறியது 14 பல், பெரியது 34) மாற்றினேன், இப்போது 0.82 சுற்று. செயினில் 4 கண்ணி கூட்டுங்கள். கூட்டாவிட்டால் முன்னே பெரிய வட்டும் பின்னே பெரிய வட்டும் சேரும்போது, செயினை வட்டு மாற்றும் டெரெய்லர் இழுபட்டு முறியும். குட்டைக் கை டெரெய்லரும் உதவாது, நீளக் கைதான் வேண்டும். முதல் செலவு இதற்கே.

ஏறிப் பழக டெல்டாவில் மேடு ஏது? ஆடிக்காற்றை எதிர்த்துக் கொள்ளிடக்கரையில் மேற்கே மிதிப்பதுதான் நல்ல பயிற்சி. இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம்.