கைதுச் செய்தி எழுதுவோர் கவனத்திற்கு

ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபத்திலோ வேதாளையிலோ, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை மூட்டையுடன் ஒருவர் போலீசாரிடம் பிடிபட்டால், மறுநாள் செய்தியிலேயே அவர் 'கடத்தல்காரர்' ஆகிவிடுகிறார். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற வரியும் சேர்ந்துவிடுகிறது. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவு கூறுவதால், அந்த வரியை விட்டுவிட்டு, 'கடத்த முயன்றதாகப் போலீசார் தெரிவித்தனர்' என்று எழுதுங்கள்.

வழக்கு நீதிமன்றத்தில் பதிவானதும், 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) கேட்டுக் குறித்துக்கொண்டால், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த விசாரணைத் தேதியைப் பார்த்து வழக்கைத் தொடரலாம். கைதை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு விடுதலையை விட்டுவிடுவது, என் பார்வையில், பெரிய அநீதி.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. நூறு வீடுகள்கூட இல்லாத மீனவக் குப்பத்தில் தெருப் பெயரோ, தந்தையின் படகோ, படிக்கும் பள்ளியோ அவர் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், பள்ளி, முகவரி, குடும்ப விவரங்களை வெளியிடுவதைப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவே தடுக்கிறது. இத்தகைய செய்திகளில் ஊர்ப் பெயரையும் விட்டு, மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுங்கள்.