க்ளென் கூல்டின் கோல்ட்பெர்க் பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் 1741இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், ஆரியா என்ற ஒரு மெட்டும் அதன் முப்பது மாற்றுவடிவங்களும் (வேரியேஷன்கள்) கொண்ட படைப்பு. அதை, கனடா நாட்டுப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் ஸ்டூடியோவில் இருமுறை பதிவு செய்தார். முதல் பதிவு 1955 ஜூன் மாதம், அவருக்கு 22 வயதாக இருந்தபோது நடந்தது. இரண்டாவது 1981இல், அதே நியூயார்க் ஸ்டூடியோவில் நடந்தது. முன்னது சுமார் முப்பத்தெட்டரை நிமிடம், பின்னது 51 நிமிடம் ஓடும். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு, இளமையில் வேகம், முதுமையில் நிதானம் என்று தீர்ப்பு எழுதிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு.

பாஹின் இசைக்குறிப்பில் ஒவ்வொரு வேரியேஷனும் இரு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியையும் மறுமுறை வாசிக்க வேண்டும் என்ற குறியீடும் உண்டு. 1955இல் அந்த மறுவாசிப்புகளை விட்டுவிட்ட கூல்ட், 1981இல் பல வேரியேஷன்களில் முதற்பாதியை மட்டும் மீண்டும் வாசித்தார். ஆகவே கூடுதலான நிமிடங்கள் எல்லாமே காலப்பிரமாணம் தாழ்ந்ததால் வந்தவை அல்ல. இரண்டு பதிவிலும் மறுவாசிப்பு இல்லாமல் வாசித்த தொடக்க ஆரியா 1 நிமிடம் 53 நொடியிலிருந்து 3 நிமிடம் 5 நொடியாக நீண்டிருப்பது உண்மையான தாழ்வு. ஐந்தாம் வேரியேஷனோ இரண்டு பதிவுகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது. தவிரவும், 48 வயதை முதுமை என்று சொல்வதற்கில்லை. 1981இல் அவர் நாடியது, அடுத்தடுத்த வேரியேஷன்களின் காலப்பிரமாணங்கள் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்தி, ஒரே நாடித்துடிப்பு அடியில் ஓடுவதைத்தான். அதனால் இந்தப் பதிவிலிருந்து ஒரு வேரியேஷனைத் தனியே பிரித்தோ, வரிசையைக் கலைத்தோ கேட்டால் அவர் செய்தது காதில் விழாமலே போய்விடும்.

ஒலியின் வேறுபாட்டை முழுக்க விரல்களின் கணக்கில் எழுதுவதும் தவறு. 1955இல் அவர் வாசித்தது ஸ்டைன்வே பியானோ, 1981இல் யமஹா. இரண்டாவது பதிவு டிஜிட்டல் முறையில் வெளியானாலும் அனலாக் நாடாவும் உடன் ஓடியது. 2002இல் வந்த வெளியீடு அந்த நாடாவிலிருந்தே தயாரிக்கப்பட்டதால், எந்த வெளியீட்டைக் கேட்கிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பின்னணியில் கேட்கும் முணுமுணுப்பு பதிவின் கோளாறு அல்ல, வாசிக்கும்போது அவர் பாடிக்கொண்டிருப்பதுதான். பழகாத காதுக்கு முதலில் அது எரிச்சலூட்டும் என்பதை மறுக்க மாட்டேன்.

ஸ்டூடியோ பதிவைக் கச்சேரியின் நகல் என்று எண்ணிக் கேட்பது இன்னொரு தவறு. 1964இல் மேடையை விட்டு விலகிய கூல்டுக்கு, நாடாவை வெட்டி ஒட்டுவது பிழை மறைக்கும் உபாயமாக இருக்கவில்லை, கற்பனையின் பகுதியாகவே இருந்தது. பாஹின் 48 பிரெலூட்-ஃபியூக் வரிசையின் முதற்புத்தகத்திலுள்ள ஏ மைனர் ஃபியூக்கை (ஒரே கருவைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் இசைவடிவம்) தாம் தொகுத்த விதத்தை 1966இல் அவரே ஒரு கட்டுரையில் விளக்கினார். அதைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்ததில் ஆறாம் முறையும் எட்டாம் முறையும் பதிவானவை இரண்டுமே பிழையற்றவை. ஆனால் தனித்தனியே கேட்டபோது ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை தன் ஒரே சாயலில் ஓடிச் சலிப்பூட்டியது. ஆகவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதையும், நடுப்பகுதிக்கு எட்டாவதையும் இணைத்தார். இதை அறிந்ததும் சிலர் எதிர்முனைக்குப் போய், கோல்ட்பெர்க்கையும் அவர் ஒரே மூச்சில் வாசித்திருக்க இயலாது என்று ஐயப்படுகிறார்கள். அவர்கள் 1959 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர மேடையில், ஒட்டுவேலைக்கு இடமே இல்லாத கச்சேரியில் பதிவான அவருடைய கோல்ட்பெர்க்கைக் கேட்டுப் பார்க்கலாம்.