பேச்சும் நடையும் தாமதமானால் செய்ய வேண்டியவை

ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், 18 மாதமாகியும் நடக்காத குழந்தையையும், ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்ற ஆறுதலில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்வதால், அப்போது தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

பேச்சுத் தாமதமெனில் முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புவது போதிய சான்றல்ல. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டால் வழி சொல்வார். தாய்சேய் நல அட்டையையும், குழந்தை விளையாடும் சிறு காணொளியையும் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் புது இடத்தில் பல குழந்தைகள் மிரண்டு ஒடுங்கிவிடும். அங்கே கற்றுத்தருவதைக் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வீட்டில் நாள்தோறும் தொடருங்கள்.