ஒரு பாட்டை ஒரு மாதம் படிப்பது எப்படி

புத்தகம் படித்தால் மனசு தெளியும் என்று சொல்லாத ஆள் இல்லை. எப்படிப் படித்தால் தெளியும் என்று கேட்டால்தான் பதில் வராது. நான் சில வருஷமாகச் செய்துவருவதை அப்படியே எழுதுகிறேன். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படுக்கிற ஒருவரால் செய்ய முடிகிற வழி இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். யார் எத்தனை கிலோ பச்சை இலை கொண்டுவந்தார்கள், எவ்வளவு தூள் ஆனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நாள் முழுக்க எண்களோடு இருந்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும். ராத்திரி இருபது நிமிஷம் கிடைக்கும். அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

எதைப் படிப்பது? ஐந்து மணிக்கு எழு, உன்னை மாற்று, நேற்றைய உன்னை ஜெயித்துக் காட்டு என்று அதட்டுகிற புத்தகங்களை இந்த இருபது நிமிஷத்துக்குள் விடாதீர்கள். அவற்றை முடிக்கும்போது நாம் இன்னும் கொஞ்சம் குறைந்துபோன மாதிரிதான் இருக்கும், அதுதான் என் அனுபவம். சின்னதாக ஒன்று எடுங்கள்: ஒரு பழைய பாட்டு, ஒரு சிறுகதை, யாரோ ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் நாலு பக்கம். எடுத்தவுடன் முழுசாகப் புரிந்துவிட்டால் அது ஒரு மாதம் தாங்காது. ஒன்றுமே புரியாவிட்டால் இரண்டாம் நாளே மூடிவிடுவீர்கள். பாதி புரிந்து பாதி இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் கிளை நூலகம் இருந்தால் போய் அங்கே இருப்பவரிடமே கேளுங்கள். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அந்த விதியை நம்பித்தான் நான் கூச்சப்படாமல் கேட்கிறேன். நூலகம் தூரம் என்றால் மதுரைத் திட்டம் 1998-லிருந்து பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடும் கிடைக்கும். ஆனால் போனில் எடுத்தாலும் போனில் படிக்காதீர்கள். நோட்டில் கையால் எழுதிக்கொண்டு போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதம்.

இனி ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன், வெறும் வழிமுறையாகச் சொன்னால் காற்றில் போய்விடும். புறநானூற்றின் 192-ம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. உ. வே. சாமிநாதையர் 1894-ல் அச்சில் கொண்டுவந்த அந்த நூலில் இதன் முதல் வரியைப் போலச் சுவரில் எழுதப்பட்ட வரி வேறு இருக்காது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்.’ நானும் பள்ளிக்கூடச் சுவரில்தான் முதலில் பார்த்தேன். பாட்டு மொத்தம் பதின்மூன்று வரி என்பதும், எனக்கு வேண்டியது கடைசி வரியில் இருந்தது என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் வாரம் வெறும் எழுதுவதும் வாய்விட்டுப் படிப்பதும்தான். உரை பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை பாட்டை எழுதி, இரண்டு முறை சத்தமாகப் படித்து, மூடி வையுங்கள். புரியாத சொல் இருந்தால் இருக்கட்டும். நாக்குக்குப் பழகிய பிறகு சில சொற்கள் தானாகவே ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கல்பொருது இரங்கும் மல்லல் பேரியாற்று’ என்று இந்தப் பாட்டில் வருகிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை கல்லில் மோதி மோதி விடிய விடிய இரையும், தூக்கத்திலும் கேட்கும். ஒரு ராத்திரி கரண்ட் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த வரியைப் படித்தபோது வெளியே அதே சத்தம். இரங்கும் என்றால் இங்கே ஒலிக்கும் என்று பொருள் என்பதை அப்புறம் உரையில் பார்த்தேன், ஆனால் அதற்கு முன்னாலேயே ஓடை எனக்குச் சொல்லிவிட்டது. உங்கள் பாட்டுக்கும் உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு உரைகாரர் இருப்பார். அவருக்கு ஒரு வாரம் நேரம் கொடுங்கள்.

இரண்டாவது வாரம் உரையைப் படியுங்கள், முடிந்தால் இரண்டு பேருடைய உரை. அப்புறம் பாட்டில் உங்களைக் குத்துகிற வரி எது என்று பாருங்கள். பிடித்த வரியைக் கேட்கவில்லை, குத்துகிற வரி, அதாவது படிக்கும்போது அவசரமாகத் தாண்டிப் போகத் தோன்றும் வரி. எனக்கு அது கடைசி இரண்டு வரி:

பெரியோரை வியத்தலும் இலமே,
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

பெரியவர்களைப் பார்த்து வாய் பிளப்பதும் இல்லை, சின்னவர்கள் என்று யாரையும் இகழ்வது அதைவிடவும் இல்லை. நான் யாரை இகழ்ந்தேன், ஒருவரையும் இல்லையே என்று இரண்டு நாள் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது, நான் இத்தனை வருஷமாக இகழ்ந்துகொண்டிருந்த சிறியவள் நானேதான்.

இங்கே நோட்டு வேலை தொடங்குகிறது, இதுதான் முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நோட்டை விரித்தால் இரண்டு பக்கம் இருக்கும். இடது பக்கத்தில் அந்த வரியை எழுதுங்கள். வலது பக்கத்தில் அந்த வரி எந்தச் சம்பவத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறதோ அதை எழுதுங்கள். கருத்து வேண்டாம். ‘எனக்குத் தாழ்வு மனப்பான்மை உண்டு’ என்று எழுதினால் அங்கேயே முடிந்துவிடும், அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. எந்த நாள், எந்த இடம், கையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நான் எழுதியது இது: கல்லூரியில் படிக்கும்போது கூடப் படித்த ஒரு பெண்ணோடு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன், எங்கள் லயம் ரோட்டிலிருந்தே தெரியும், தகரக் கூரையும் வரிசை வீடுகளும் அவள் கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, இங்கேதான் எங்கள் வீடு என்று சொல்லிக் கையசைத்துவிட்டு, மழையில் நடந்து வந்தேன்.

எழுதியதை அன்றைக்கே திரும்பப் படிக்காதீர்கள். எங்கள் பேக்டரியில் பறித்து வந்த கொழுந்தை உடனே மெஷினில் போட மாட்டார்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றோட்டமாகப் பரப்பி வாடவிடுவார்கள். ஈரம் குறைந்து இலை துவண்ட பிறகுதான் உருட்டுவார்கள், இல்லாவிட்டால் நொறுங்கிப்போகும். எழுதினதும் அப்படித்தான், ஒரு ராத்திரியாவது கிடக்கட்டும்.

மறுநாள் அதே சம்பவத்தை இன்னொரு முறை எழுதுங்கள், ஆனால் ‘நான்’ என்று எழுதாமல், கதையில் வருகிற ஆளைப் போல. ‘ஒரு பெண் ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கினாள். அவளுக்குப் பத்தொன்பது வயசு. குடை கொண்டுவரவில்லை.’ இது சின்ன மாற்றம்தான், ஆனால் இதில்தான் எனக்கு எல்லாமே இருந்தது. ஒரு கதையில் இப்படி ஒரு பெண் வந்தால் நாம் அவளைத் திட்ட மாட்டோம். ஐயோ பாவம், குளிர்ந்திருக்குமே என்றுதான் நினைப்போம், யார் இவளை இப்படிப் பயப்பட வைத்தது என்று கேட்போம். கதையில் வருகிறவர்களுக்கு நாம் இத்தனை வருஷமாகச் சும்மா கொடுத்துவந்த பொறுமையை நமக்கும் ஒரு தடவை கொடுப்பதுதான் நான் கண்ட தன்னேற்பு. நம்மிடம் இருக்கும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொள்வதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மழையில் நிற்க வைத்துவிட்டு ஓடாமல் அவளோடு வீடு வரைக்கும் நடந்து வருவதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் பாட்டோடு சண்டை போடுங்கள். பழைய நூல் என்றால் தலையாட்டித்தான் படிக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள், தலையாட்டிப் படித்தது எதுவும் உள்ளே இறங்காது. ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்ற இரண்டாவது வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1964 அக்டோபர் 30-ம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களைப் பற்றி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வது. அந்தக் கணக்கில் ஒரு எண்ணாக அம்மா பன்னிரண்டு வயசில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பிடுங்கி இன்னொரு மலையில் அதே கொழுந்தைப் பறிக்க வைத்தார்கள். இது பிறர் தந்தது இல்லாமல் வேறு என்ன? நோட்டில் கோபமாக மூன்று பக்கம் எழுதினேன், பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

அந்தக் கோபத்தை நான் இன்றைக்கும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எழுதி எழுதி வந்தபோது வேறொரு கேள்வி நின்றது: கப்பலில் ஏற்றியது பிறர், சரி, ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கச் சொன்னது யார்? சிலோன்காரங்க என்று கேலி பேசியவர்களுக்கு அதில் பங்கு உண்டு. எனக்கும் ஒரு பங்கு இருந்தது. எவ்வளவு என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சண்டை போட்டால் ஜெயிக்க வேண்டும் என்று இல்லை, கேள்வி இடம் மாறினாலே அந்த வாரம் நல்ல வாரம்தான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில நாள் நோட்டைத் திறந்தால் தாங்க முடியாத ஏதாவது மேலே வரும். தூக்கம் போய்விட்டது, சாப்பிடப் பிடிக்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு ஒரு மனுஷரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். பாட்டு காத்திருக்கும்.

நான்காவது வாரம் இன்னொருவருக்குப் படித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், பாடமும் எடுக்காதீர்கள், படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். படித்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியைப் படித்து, எல்லா ஊரும் நம்ம ஊர், எல்லாரும் நம்ம சொந்தம் என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டார்: “எல்லாரும் சொந்தம்னா எதுக்குப் புள்ள நம்மளக் கப்பல்ல ஏத்துனாங்க?” எந்த உரையிலும் நான் பார்க்காத கேள்வி. பதில் சொல்ல முயற்சி செய்யாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாதம் முடிந்ததும் பாட்டை விட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். எத்தனை முடித்தோம் என்று எண்ண வேண்டாம், அதற்குத்தான் பகல் முழுக்க கணக்கு இருக்கிறதே. ஆனால் பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து, முடிந்தால் வேறு பருவத்தில், அதே பாட்டுக்குத் திரும்பி வாருங்கள். மழைக் காலத்தில் படித்ததைத் தை மாசத்து உறைபனியில் படித்தால் கண் வேறு வரியில் போய் நிற்கும். இரண்டாவது முறை எழுதுவதற்கு வேறு நிற மை வையுங்கள், பழையதைத் திருத்தாதீர்கள். அன்றைக்கு எழுதியவளும் நீங்கள்தான்.

போன தை மாசம் இந்தப் பாட்டை இரண்டாம் முறை எடுத்தேன். அம்மா தானாகவே, “அந்தத் தண்ணில போறதப் படி” என்றார். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர்’ என்ற வரியை. புணை என்றால் தெப்பம் மாதிரி, தண்ணீர் இழுக்கிற பக்கம் போகும் என்றேன். அம்மா ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “கப்பல்ல நா அழுகல. எங்கம்மாதான் அழுதாங்க. நா கடலப் பாத்துக்கிட்டே வந்தேன், அழகா இருந்துச்சு” என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடலைப் பற்றி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதை வலது பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு நேரே இடது பக்கத்தில் எந்த வரியை எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறேன்.