கழற்றி மாட்டும் வில்: ஈர மரத்தில் கை வைக்காதீர்கள்

ஆறடி வில்லோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் என்னிடம் வருகிற பையன்கள் கழற்றி மாட்டும் மர வில்லைத்தான் கேட்கிறார்கள். உளியைத் தீட்டு, அம்பில்லாமல் நாணை விடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன். வில் செய்கிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

காயாத மரம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போன ஐப்பசியில் திருவையாற்றுப் பக்கத்துத் தம்பி ஒருவர், மர வாடியில் "நல்லா காஞ்ச மரம்" என்று சொன்னதை நம்பிப் பலகை வாங்கினார். அடைமழையிலேயே சீவியும் முடித்துவிட்டார். வில்லின் இரண்டு கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள், அழகாக வளைந்தன. ஈர மரம் அப்படித்தான் ஏமாற்றும். நாணைக் கழற்றியபோது அவை நிமிரவே இல்லை. வில்லை இழுக்கும்போது வயிற்றுப் பக்கம், அதாவது நம்மைப் பார்க்கும் பக்கம், அமுங்குகிறது. ஈரத்தில் அந்த நார்கள் நசுங்கிவிட்டால், பிறகு எவ்வளவு வெயிலில் போட்டாலும் மீளாது.

கழற்றி மாட்டும் வில்லுக்கு இன்னொரு அடியும் விழும். பிடியிலுள்ள இரும்புக் குழாய்க்குள் இறுக்கமாக இறங்கிய கையின் அடிக்கட்டை, சித்திரையில் சுருங்கிவிட்டது. கை குழாய்க்குள் திரும்பியது, நாண் நடுவை விட்டு விலகியது. பார்த்துப் பார்த்துச் சமன் செய்த வளைவெல்லாம் வீண்.

காற்றின் ஈரப்பதம் 80% இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 16% ஈரம் நிற்கும். 50% என்றால் 9% பக்கம் இறங்கும். வில்லுக்கு 8 முதல் 10% போதும். டெல்டா மழைக்காலத்தில் திண்ணையில் சாய்த்து வைத்தால் அது நடக்காது. வெட்டு முனைகளில் பெயின்ட் அடித்து, பிளைவுட் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு, பல்பில் படாமல் மரத்தை வையுங்கள். வாராவாரம் எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் இழைப்புளி. ரொம்பவும் காய்ந்துவிட்டால் இழுக்கும்போது முறியும், அதையும் கவனியுங்கள்.

முதுகைச் சீவுவது

முதுகு என்பது வயிற்றுக்கு எதிர்ப்பக்கம். அதைச் சீவவே கூடாது. சீவல் வயிற்றுப் பக்கம் மட்டும்.

அவசரமாக முழுசாக இழுப்பது

மடிகிற இடத்தைத் தொடாதீர்கள்; விறைத்து நிற்கிற இடத்தைச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இழுக்க 40 பவுண்டு விசை தேவைப்படும் வில் வேண்டுமா? வளைவு சீராகும்வரை அந்த 40-ஐத் தாண்டி இழுக்காதீர்கள்.

மேல் கை, கீழ் கை குறிக்காதது

அடிக்கட்டையில் உளியால் ஒரு கீறல் போடுங்கள். பென்சில் குறி அழிந்துவிடும்.