தமிழ்ப் பிரெய்ல் அறிந்த மாணவருக்கு ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்கும் முறை

பார்வையற்ற மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் ஏ, பி, சி என்று முதலிலிருந்தே தொடங்குகிறார்கள். அம்மாணவர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துமுறையான பிரெய்லில் தமிழைச் சரளமாகப் படிப்பவராக இருந்தால் அது வீண் வேலை. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல், ஒலி ஒத்துவரும் இடங்களில் ஆங்கிலப் புள்ளிக்குறிகளையே எடுத்துக்கொண்டதால், ஆங்கில எழுத்துகளில் பாதிக்கு மேல் அவருடைய விரல்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

முதல் படி: தெரிந்தவற்றைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். (பிரெய்ல் கட்டத்தின் ஆறு புள்ளிகளில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6.) 1, 3 ஆகிய புள்ளிகள் தமிழில் ‘க’, ஆங்கிலத்தில் ‘கே’. 1, 2, 3 தமிழில் ‘ல’, ஆங்கிலத்தில் ‘எல்’. ம, ந, ய, ர, வ ஆகியவையும் இப்படியே பொருந்தும். அ, இ, உ, ஏ, ஓ ஆகிய ஐந்தின் குறிகளே ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகள். இதற்கு ஒரு நாள் போதும்.

இரண்டாம் படி: இங்கேதான் நிதானம் வேண்டும். பாலைக் குறிக்கும் ‘மில்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை என் மாணவி ஒருத்தி முதன்முறை தடவிப் பார்த்து, ‘மிலக’ என்று உரக்கப் படித்தாள். அவள் படித்தது தமிழ் முறைப்படி முற்றிலும் சரி. தமிழ் மெய்க்குறிக்குள் அகரம் அடங்கியிருக்கிறது, அதை நீக்க, மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குரிய தனிக்குறி வேண்டும், ஆங்கிலத்திலோ அகரமும் இல்லை, அந்தத் தனிக்குறியும் இல்லை. எழுதும்போது இதே பழக்கம் தலைகீழாக வெளிப்படும்: வறுசட்டியைக் குறிக்கும் ‘பேன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவிலுள்ள ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை, தமிழ் அகரத்தின் குறியை, விட்டுவிடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று கண்டிக்காமல், மூன்றெழுத்துச் சொற்களை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதும் பயிற்சியை இரண்டு வாரமாவது கொடுங்கள். கைப்பேசியின் திரைவாசிப்பான் சொல்லை ஒலித்துக் காட்டுமே தவிர, எழுத்துக்கூட்டைத் தானாகப் பதிய வைக்காது.

மூன்றாம் படி: ‘டேபிள்’ என்று காதில் விழுந்ததும் மாணவர் தமிழ் ‘ட’வின் குறியை, அதாவது 2, 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகளை, எழுதிவிடுவார். சில சொற்களையும் எழுத்துத் தொகுதிகளையும் ஒற்றைக் குறியாகச் சுருக்கி எழுதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெய்லில் அது ‘வித்’ என்ற முழுச் சொல். ஆங்கில ‘டீ’க்குரியது தமிழ் ‘த’வின் குறியே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: புதிய எழுத்துகள். தமிழில் ‘பால்’, ‘பஸ்’ இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால், பஸ்ஸின் முதலெழுத்துக்கு 1, 2 என்ற தனிக்குறி உண்டு என்பதை விரலுக்கு மட்டுமின்றிக் காதுக்கும் பழக்க வேண்டும். ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்து 1, 4, 5. ‘எஃப்’ 1, 2, 4. இவ்விரண்டும் ஒன்றின் கண்ணாடி பிம்பம் மற்றொன்று. ஆகவே ஒரே நாளில் இரண்டையும் கற்பிக்காதீர்கள். தமிழ் ‘ஒ’வின் குறி ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ ஆகிவிடுவதையும் நினைவூட்டுங்கள்.

ஐந்தாம் படி: தமிழில் இல்லாத பெரிய எழுத்துக்கு, எழுத்தின் முன்னே 6ஆம் புள்ளியை இடவேண்டும்.

சுருக்கங்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தமிழ் மீண்டும் கைகொடுக்கிறது: ‘சிங்கிங்’ என்ற சொல்லின் ஈற்றிலுள்ள ‘இங்’ என்ற மூன்றெழுத்துக்கு ஆங்கிலப் பிரெய்ல் இடும் ஒற்றைக் குறி, மாணவர் நெடுநாளாக அறிந்த ‘ங’வின் குறியேதான்.